லயத்து வாசலிற் பூத்த செந்தும்பை

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு காலைப்பொழுது. பதுளை மலைச்சாரலில் உள்ள எமது பாடசாலைத் தோட்டத்திலே ஏழாம் வகுப்பு மாணவரோடு நின்றிருந்தேன். பாத்தியின் ஓரத்திலே செக்கச்செவேலெனக் கதிர் கதிராகப் பூத்து நின்றது ஒரு செடி. அதனைச் சுட்டி ஒரு மாணவன், "சேர், இந்தப் பூவுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்று வினவினான். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். கீழைத்தேயக் கல்லூரியிற் பண்டித வகுப்பிலே பயின்ற காலத்தில், குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய 99 மலர்களின் பெயர்களையும் மூச்சுவிடாது ஒப்புவித்துப் பாராட்டுப் பெற்றவன். ஆயினும் அச்சிறுவனின் வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. கபிலர் அடுக்கிய மலர்களுள் அது இல்லை, இருத்தற்கும் இயலாது. அது கடல் கடந்து நம்மிடம் வந்த மலர்.

"சால்வியா என்பார்கள்" என்றேன்.

"அது இங்கிலீசுப் பேருங்க சேர்" என்றான் அவன்.

அவன் கூறியதிற் பிழையில்லை. ஆயினும் அப்பூவை எனக்கு முதன்முதலிற் காட்டியவர் ஆங்கிலமும் அறியார், எழுத்தும் அறியார். தேயிலைக் கொழுந்து கிள்ளியே காய்த்துப்போன விரல்களையுடைய ஒரு மூதாட்டி அவர். அவர் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். அப்பெயரையும், அவர் அதனை வளர்த்த முறையையும், அச்செடிக்கு நேர்ந்ததையும் எழுதவேண்டுமென்று அன்று மாலையே எண்ணினேன்.

தும்பையின் உறவு

முதலில் இச்செடியின் குலமுறையைக் கூறுவேன். துளசி, கற்பூரவள்ளி, தும்பை ஆகியன எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ அக்குடும்பத்தைச் சேர்ந்ததே சால்வியா. இதன் தண்டைக் கிள்ளி விரலிடை உருட்டிப் பாருங்கள். நாற்புறமும் பட்டை தீட்டினாற்போலச் சதுரமாக இருக்கும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். மலரோ மேலுதடும் கீழுதடும் உடையது. இவை யாவும் நம் வயலோரத்துத் தும்பையிலும் காணப்படும் அடையாளங்களே. சங்கச் சான்றோர் போர்மலராகப் போற்றிய தும்பை வெண்ணிறத்தது, இதுவோ செந்நிறத்தது. ஆதலின் இதனைச் 'செந்தும்பை' என்று வழங்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியதுண்டு. எனினும் பெயர் சூட்டுதல் பண்டிதர் கையில் இல்லை. பழகுவோர் நாவிலேயே உள்ளது.

சால்வியா என்னும் சொல், நலமுறுதல் என்னும் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்தது. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் சேஜ் என்னும் மூலிகையே இவ்வினத்திற் பழம்புகழ் பெற்றது. அது மருந்துக்கும் சமையலுக்கும் உதவுவது. இக்காலத்துக் கடைகளில் விற்கப்படும் சியா விதையும் இவ்வினத்துச் செடியொன்றின் விதையே. ஏறத்தாழ ஆயிரம் வகைகளைக் கொண்ட இப்பேரினத்தில், அழகுக்காக வளர்க்கப்படும் மென்செடிகள் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளிலிருந்து வந்தவை. நாம் பாத்திகளிற் காணும் செங்கதிர்ச் சால்வியா பிரேசிலுக்கு உரியது. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கங்களில் வேலியோரத்தே புதராக நின்று, ஊதா நிறப் பட்டுத்துணி போர்த்தாற்போலக் கதிர்விடுவது மெக்சிக்கோவிற்கு உரியது. நீலக்கதிர் உடையது டெக்சாசிலும் மெக்சிக்கோவிலும் பிறந்தது. இலையைக் கசக்கினால் அன்னாசிப்பழ மணம் கமழும் வகையொன்றும் மெக்சிக்கோ நாட்டினதே.

செங்கதிர்ச் சால்வியாவின் சிறப்பொன்றைச் சொல்லவேண்டும். பிற பூக்களிற் புல்லிவட்டம் பச்சையாக இருக்க, அல்லிவட்டமே நிறம் பெறும். இதிலோ புல்லிவட்டமும் செந்நிறம் பெறுகின்றது. ஆகவே, உள்ளிருக்கும் குழல்மலர் உதிர்ந்த பின்னரும் கதிர் பல நாட்களுக்குச் சிவந்தே நிற்கும்.

பங்களாவிலிருந்து லயத்துக்கு

நுவரெலியாவிலிருந்து பதுளைக்கு இறங்கும் வீதியில் உள்ளது ஹக்கல பூந்தோட்டம். கொயினாச் சத்துத் தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்கென 1861ஆம் ஆண்டில் அது அமைக்கப்பட்டது. அங்கு நின்று நோக்கினால் ஊவாவின் மலைமடிப்புகள் அலையலையாகத் தோன்றும். குளிர்நாட்டுப் பூஞ்செடிகள் பல நம் மலைகளுக்கு அறிமுகமாவதற்கு அத்தகைய பூந்தோட்டங்களும், தம் நாட்டு நினைவோடு வாழ்ந்த வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாத் தோட்டங்களும் காரணமாயின. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்ட மலைகளிலேயே அப்பூக்களும் வந்து வேரூன்றின. பூக்களுக்குப் பங்களாவின் முன்புறம் கிடைத்தது. மனிதருக்குப் பத்தடி அறைகள் வரிசையாக அமைந்த லயம் கிடைத்தது.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவரே நான் முன்னர்க் குறித்த மூதாட்டி. லயத்துப் பிள்ளைகள் அனைவரும் அவரை அம்மாயி என்றே அழைப்போம். அவருடைய கணவர் துரை பங்களாவிலே தோட்டவேலை செய்தவர். பூத்து ஓய்ந்த செடிகளைக் கத்தரித்துக் குப்பையிலே கொட்டுவது அவர் வேலை. ஒரு நாள் அக்குப்பையிலிருந்து நாலைந்து தண்டுகளைத் துண்டில் மறைத்துக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தாராம். அதை அம்மாயி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். "வேணாம்னு வீசுனதுதான் ராசா. ஆனாலும் பயந்துகிட்டேதான் கொண்டாந்தாரு" என்பார். அதனாலேயே அவர் அப்பூவைப் 'பங்களாப்பூ' என்று அழைத்தார். குப்பையிற் கிடந்த தண்டு அவர் வாசலிலே தழைத்து, ஐந்தாறு அடி நீளத்துக்குச் செம்பாத்தியாயிற்று.

மென்செடியின் இயல்பு

ஐரோப்பியத் தோட்ட நூல்கள் இச்சால்வியாக்களை 'மென்செடிகள்' என்று வகுக்கும். அங்கே உறைபனி விழுந்த மறுநாள் இவை கருகி மடியும். ஆதலின் அந்நாட்டார் குளிர்காலத்தின் இறுதியிற் கண்ணாடி வீட்டினுள் விதையிட்டு, பனி முற்றும் நீங்கிய பின்னரே நாற்றை வெளியில் நடுவர். இலையுதிர் காலத்தோடு அதன் வாழ்வும் முடியும். ஆண்டு பல வாழவல்ல செடி அங்கே ஓராண்டுச் செடியாகிவிடுகின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிலோ உறைபனி என்பதே இல்லை. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் மட்டும் தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளிற் புல்லின்மேற் பனி உறைவதுண்டு. ஆகவே ஊவாவின் சரிவுகளில் இச்செடி இரண்டு மூன்றாண்டு தளராது நிற்கும். மென்மை என்பது செடியின் குறையன்று. அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

எனினும் நம் நாட்டிலும் இதற்குப் பகை உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை ஊவாவிற் பொழியும் பெருமழையே அப்பகை. குளிருக்குத் தப்பிய செடி இங்கே நீர் தேங்கி வேரழுகி இறக்கும். ஆனி முதல் புரட்டாதி வரையோ கச்சான் காற்று வறண்டு வீசும். தேயிலைக்கு ஊவாவின் பேர்பெற்ற மணத்தைத் தருவது அக்காற்றே; சால்வியாவின் இலையடியிற் சிலந்திப்பேனைப் பெருகச் செய்வதும் அக்காற்றே. இவ்விரண்டையும் அறிந்து வளர்ப்பவருக்கே செடி நிலைக்கும்.

வளர்க்கும் முறை

வெயில்தான் இதற்கு முதல் உணவு. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படாவிடின் தண்டு நீண்டு மெலியுமே அன்றிக் கதிர் விடாது. மலைநாட்டிலே பிற்பகலில் மூடுபனியும் முகிலும் கவிவதால், காலைவெயில் நேரே விழும் கிழக்குப் பார்த்த இடமே சிறந்தது. பதுளைப் பட்டினம் போன்ற தாழ்ந்த இடங்களில் மட்டும், செங்கதிர் வகைக்கு உச்சிவெயிலின்போது சிறிது நிழல் கிடைத்தல் நன்று.

அடுத்தது மண். தேயிலை புளித்த மண்ணை விரும்பும். சால்வியா அத்துணைப் புளிப்பை விரும்பாது. ஆகவே தேயிலை நின்ற நிலமாயின், பாத்தியில் டொலமைட் தூளோ அடுப்புச் சாம்பலோ கைப்பிடியளவு தூவிக் கொத்தவேண்டும். மக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் போதும். உரம் மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும். பாத்தியை அரையடி உயர்த்தி, மழைநீர் வடியச் சிறு கான் வெட்டிவிடுதல் இன்றியமையாதது.

நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் நுனிக் குருத்தைக் கிள்ளிவிடவேண்டும். இதனைக் கற்பிக்க அம்மாயிக்கு உவமை தேடவேண்டியிருக்கவில்லை. "தேயிலையும் இதும் ஒண்ணுதான். கிள்ளுனாத்தான் பரவும், விட்டா மரமாப் போயிரும்" என்பார். ஓங்கி மரமாக வளரக்கூடிய தேயிலை, இடுப்பளவு உயரத்தில் மேசைபோலப் பரந்து நிற்பது கொழுந்து கிள்ளுவதாலும் கவ்வாத்தினாலும் அன்றோ! அவ்வாறே சால்வியாவின் ஒரு நுனியைக் கிள்ளினால் இரு கிளைகள் கிளைக்கும்; அவற்றைக் கிள்ளினால் நான்காகும். பூத்து வாடிய கதிரை அடியோடு நறுக்கிவிட்டால் மறுகதிர் விரைவில் வரும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்த செடியை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கவ்வாத்துச் செய்து, எருவிட்டு, நீர் வார்த்தால் மீண்டும் இளமை எய்தும். அம்மாயி இதற்குத் தம் கணவரின் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியையே பயன்படுத்தினார்.

வறண்ட காலத்திற் சிலந்திப்பேனும் வெள்ளை ஈயும் தோன்றினால், மருந்து தெளிக்க ஓடவேண்டியதில்லை. பீலியிலிருந்து கொண்டுவந்த நீரை இலையின் அடிப்புறத்திலே நன்கு வீசியடித்தாற் பெரும்பாலும் போதும். மழைக்காலத்து நத்தைகளை இரவில் விளக்கொடு சென்று பொறுக்குவதே வழி.

இனி, யாவற்றிலும் முக்கியமானது வெட்டுத்துண்டு எடுத்தல். பூவாத இளங்கிளையை மூன்று நாலங்குல நீளத்துக்கு ஒரு கணுவின் கீழ் நறுக்கவேண்டும். அடியிலைகளை நீக்கி, ஆற்றுமணலும் கூட்டெருவும் சரிபாதி கலந்த தகரத்தில் ஊன்றி, நிழலில் வைக்கவேண்டும். தகரத்தின் அடியில் ஆணியால் துளையிட மறத்தல் ஆகாது. இரண்டு மூன்று கிழமைகளில் வேர் பிடிக்கும். தோட்டத் தவறணையில் வி.பி. தேயிலைக் கன்றுகளை வளர்த்துப் பழகியவர்க்கு இது புதிதன்று. இதற்கு உரிய காலம் புரட்டாதி. அதாவது பெருமழைக்கு முன். வெளியில் நிற்கும் தாய்ச்செடி மழையில் அழுகினாலும், கூரையிறப்பின் கீழ்த் தகரத்தில் இருக்கும் பிள்ளைச்செடி தப்பும். ஐரோப்பியர் பனிக்கு அஞ்சிச் செய்வதை நாம் மழைக்கு அஞ்சிச் செய்கிறோம்.

இவ்விடத்தில் அம்மாயி ஒரு வழக்கம் வைத்திருந்தார். பத்துத் துண்டு ஊன்றினால் ஐந்தைத் தாம் வைத்துக்கொண்டு, ஐந்தை லயத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார். "எல்லாம் நம்ம வாசல்லயே இருந்தா ஒரு மழையில போயிரும் ராசா. நாலு வாசல்ல இருந்தா நாளைக்குக் கேட்டு வாங்கிக்கலாம்" என்பது அவர் கொள்கை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையைப் பின்னாளிற் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் தகரங்களைச் சுமந்து வாசல் வாசலாகச் சென்ற அம்மாயிதான்.

ஓர் ஆசிரியர் கண்ட அதிசயம்

இப்பூவின் அமைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. சால்வியா மலரிற் பயன்படும் மகரந்தத் தாள்கள் இரண்டே. இவ்வினத்துப் பல செடிகளில் அவை ஏற்றத்துலா போன்ற பொறியாக அமைந்துள்ளன. தேனை நாடித் தலையை நுழைக்கும் தேனீ துலாவின் ஒரு முனையைத் தள்ள, மறுமுனை தாழ்ந்து அதன் முதுகிலே மகரந்தத்தைப் பூசும். முதுகிற் பொடியோடு பறந்த தேனீ அடுத்த மலருக்குச் செல்ல, அங்கே கருவுறுதல் நிகழும். இதனைக் கூர்ந்து நோக்கி 1793ஆம் ஆண்டில் நூலாக எழுதியவர் ஜெர்மனியிலே ஸ்பாண்டாவ் என்னும் ஊரிற் பாடசாலை ஆசிரியராக இருந்த கிறிஸ்தியான் கொன்ராட் ஸ்பிரெங்கல். அவர் காலத்து உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் சார்ள்ஸ் டார்வினே அதன் அருமையை எடுத்துரைத்தார். செங்கதிர் வகையின் நீண்ட குழல்மலரோ அமெரிக்க நாட்டுத் தேன்பறவைகளின் அலகுக்கென அமைந்தது. அப்பறவை நம் நாட்டில் இல்லை. ஆயினும் மலர் அன்னியமாகிப் போகவில்லை. நம் தேன்சிட்டு அதனைக் கண்டுகொண்டது. காலைதோறும் பாடசாலைப் பாத்தியில் அச்சிட்டு வந்து குழல்குழலாக உறிஞ்சுவதை மாணவர் எண்ணிக் குறித்து வருகின்றனர்.

வாசல் இழந்த கதை

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை உரிமை அளிப்பதென்றும் அதில் எழுதப்பட்டது. எண்ணிக்கை இரு தலைநகரங்களில் முடிவாயிற்று. எந்த வீடு போவது, எந்த வீடு இருப்பது என்பது பின்னர் லயம் லயமாகத் தெரியவந்தது.

அம்மாயியின் குடும்பத்துக்கு 1982ஆம் ஆண்டு முறை வந்தது. எனக்கு அப்போது வயது பதினொன்று. கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போகவேண்டும். புறப்படுவதற்கு முன்னைய நாள் மாலை அவர் என்னை அழைத்தார். உலர்ந்த கதிர்களை உள்ளங்கையிற் கசக்கி, உள்ளே நான்கு நான்காக இருக்கும் கரிய மணிகளை ஊதி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பின்பு இரண்டு தகரங்களை என் கையிற் கொடுத்து, "மழைக்கு முந்தி வெட்டி ஊனு ராசா. எட்டுத் துண்டு ஊனுனா நாலக் குடுத்திரு" என்றார். அழவில்லை. என் அம்மாதான், "பெரியம்மா, அங்க போயிக் கடுதாசி போடச் சொல்லுங்க" என்று கூறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டே அந்த லயத்தின் முன்புறம் முழுவதும் பாதை அகலப்படுத்துவதற்கென்று வெட்டிச் சரிக்கப்பட்டது. யாரும் எம்மைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. அம்மாயியின் பாத்தி ஒரு முற்பகலில் மண்ணோடு மண்ணாயிற்று. எங்கள் வாசற் செடியும் போயிற்று. ஆனால் மேல் லயத்தில் இரண்டு வீட்டிலும், பிள்ளைக் காம்பராவின் ஓரத்திலும், கோவிலடியிலும் அது நின்றது. கொடுத்தது நின்றது, வைத்துக்கொண்டது போயிற்று. கோவிலடியிலிருந்து ஒரு துண்டை நான் கேட்டு வாங்கினேன். இன்று பாடசாலையில் நிற்பது அதன் வழிவந்தது.

மறுகரையில்

கடிதம் வரவில்லை. இரண்டொரு ஆண்டிற் கப்பற் போக்குவரத்தும் நின்றது. தாயகம் திரும்பியோருட் பலர் நீலகிரியில், அவர்களுக்கெனத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர் என்று அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தமிழ்க் கருத்தரங்கின் பொருட்டுக் கோயம்புத்தூர் சென்றபோது, மலையேறி உதகமண்டலம் சென்றேன். 1848ஆம் ஆண்டு முதல் உள்ள அரசு தாவரவியற் பூங்காவிற் சால்வியாக்கள் வகைவகையாக நின்றன. அங்கே உறைபனி கடுமையாதலால், பனிக்காலத்து மாலைதோறும் செடிகளைத் தழைகளாற் போர்த்துக் காப்பார்கள் என்று தோட்ட ஊழியர் ஒருவர் விளக்கினார். பின்பு ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையைக் கடந்தபோது, வாசல்தோறும் தகரங்களிலே அதே செங்கதிர். வண்டியை நிறுத்தச் செய்து இறங்கினேன். வாசலில் நின்ற பெண்ணிடம், "அம்மா, இந்தச் செடி எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்ல குடுத்தாங்கண்ணா" என்றார்.

பக்கத்து வீட்டாருக்கு யார் கொடுத்தார் என்பதை நான் கேட்கவில்லை. அம்மாயியின் முந்தானை விதையாகவும் இருக்கலாம். உதகையின் நாற்றுக்கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். அந்த ஒரு விடையோடு நிறைவுற்றுத் திரும்பினேன்.

இன்றும் எம் மாணவரிற் பலர் லயத்திலேயே வாழ்கின்றனர். பிரசாவுரிமை கிடைத்துவிட்டது, வாசல் நிலத்துக்கான காணி உறுதி பலருக்கு இன்னும் கிடைக்கவில்லை. தமதென்று உறுதியில்லாத நிலத்தில் எதற்காகச் செடி நடுவது என்று கேட்போர் உண்டு. உறுதி கேட்டுப் போராடவேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆயினும் உறுதி வரும்வரை வாசலை வெறுமையாக விடவேண்டும் என்பதில்லை. தகரத்தில் நிற்கும் செடிக்கு உறுதி தேவையில்லை. வெயிலும் ஒரு கைநீரும் போதும்.

பெயர் கேட்ட மாணவனுக்கு மறுநாள், "செந்தும்பை என்று சொல்லலாம்" என்றேன். அவன் மறுப்பின்றிக் குறித்துக்கொண்டான். ஆனால் வகுப்பில் வேறெவரும் அப்பெயரை வழங்கக் காணேன். அம்மாயி இட்ட பெயரையும் சொன்னேன். பங்களாவை அறியாத அப்பிள்ளைகளுக்கு அது சிரிப்பையே தந்தது. அவர்கள் இப்பொழுது "நம்ம பூ" என்றே சொல்லி வருகின்றனர். நானும் திருத்தவில்லை.

புரட்டாதி பிறந்ததும் நாற்பது தகரங்களில் துண்டு ஊன்றினோம். ஐப்பசி மழைக்கு முன் இருபது தகரங்கள் மாணவரோடு லயங்களுக்குச் செல்லும். ஊவாவில் இதைப் படிப்போர் எவரேனும் வேண்டுமெனில், அடுத்த வாசலில் இச்செடி நிற்கிறதா என்று முதலிற் பாருங்கள். நின்றால் ஒரு துண்டு கேளுங்கள், இல்லையென்று சொல்லமாட்டார்கள்.